ஐந்து தண்ணீர் கண்ட ஆட்டு விலா

மதிப்பிற்குரிய சிக்ருன் அண்ணிக்கு,

பெர்கனிலிருந்து தூர்டிஸ் எழுதுவது. இங்கே நாங்களும் மழையும் நலம். அங்கே மலைக்குடிலில் நீங்களும் பனியும் நலமென்றே நம்புகிறேன். ஆறு வருடங்களாக நீங்கள் கிறிஸ்துமஸுக்கு அங்கே போய்விடுகிறீர்கள். ஆறு வருடங்களாக உங்கள் அம்மா, தம்பிகள், மற்றவர்கள் என்று பதினொரு பேருக்கு என் வீட்டில் விருந்து. அடுத்த வருடம் அது ஸ்டவாங்கரில் உங்கள் வீட்டில்தான் என்று உறுதியாகத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். நடந்ததைப் படித்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

நான் வேதியியல் படித்தவள். உப்பு எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியும். உப்பிட்டுக் காயவைத்த ஆட்டு விலா ஆறு கிலோவை நிலவறைத் தொட்டியில் முப்பது மணி நேரம் ஊறவைத்து, ஒரே ஒரு முறை தண்ணீர் மாற்றினேன். முந்தின நாளே வந்திறங்கிய உங்கள் அம்மா செருப்பைத் தேடிக் கீழே போனார், உங்கள் சின்னத் தம்பி அஸ்கெய்ர் சைக்கிளைப் பார்க்கப் போனார், உங்கள் பெரிய தம்பியும் என் கணவருமான ஐவின் காரணமே சொல்லாமல் போனார். நான் எதையும் யோசிக்கவில்லை. மறுநாள் பானையடியில் அடுக்கிய பிர்ச் மரக் குச்சிகள்மேல் மூன்று மணி நேரம் ஆவியில் வெந்து மேசைக்கு வந்தபோது, அது ஆடு என்பதற்கு எலும்பு மட்டுமே சாட்சி.

நம் ஆட்கள் வாய்விட்டுச் சொல்வார்களா?

"ரொம்ப நல்லாருக்கு தூர்டிஸ்" என்றார் உங்கள் அம்மா, உப்பு டப்பாவை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.

"பதமா இருக்கு அண்ணி" என்றார் அஸ்கெய்ர்.

"என்ன பதம்?"

"அதான்... வெந்திருக்கு."

"டர்னிப் மசியல் பிரமாதம்" என்று என் கணவர் காப்பாற்ற வந்தார்.

"அது அம்மா கொண்டுவந்தது, அண்ணா."

அதற்குள் உங்கள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தண்ணிய எத்தனை தடவை மாத்தின?"

"ஒரு தடவைதான் அத்தை."

"நானும் ஒரு தடவைதானே மாத்தினேன்!"

மேசையிலிருந்து ஒரு முள்கரண்டி கீழே விழுந்தது. "நானும் ஒண்ணு" என்றார் அஸ்கெய்ர், தட்டைப் பார்த்தபடி. உங்கள் பெரிய தம்பி மெழுகுவர்த்தியைப் பார்த்து, "நான் பாதி பாதியாத்தான் மாத்தினேன். ரெண்டு தடவை" என்றார்.

இந்தக் குடும்பத்தில் ஒருவர் ஊறவைத்ததை மற்றவர் நம்ப மாட்டார் என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. ஆனாலும் எல்லாரும் எழுந்து, "சாப்பாட்டுக்கு நன்றி" என்று என் கையைக் குலுக்கினார்கள், துக்க வீட்டில் குலுக்குவதுபோல. இனி மானமுள்ள எவரும் என் வீட்டு விருந்துக்கு வரப்போவதில்லை. எனவே அடுத்த வருடம் பொறுப்பு உங்களுடையது, மலைக்குடில் என்னுடையது. இதில் பேச ஒன்றுமில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். புத்தாண்டு உங்களுக்கு எல்லா நலமும் தரட்டும்.

அன்புடன்,
தூர்டிஸ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அம்மா தொலைபேசியில் வந்தார். "வருஷா வருஷம் அந்த உப்புக் கறியைத் தின்னுட்டு விடிய விடியத் தண்ணி குடிச்சுட்டே கிடப்பேன். நாப்பது வருஷத்துல இந்தத் தடவைதான் அசந்து தூங்கினேன். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. இனிமே எப்பவும் உன் வீட்டுலதான். அஸ்கெய்ரோட மாமியார் வீட்டுலேர்ந்தும் நாலு பேர் வராங்களாம். நீ கவலையே படாதே, தண்ணி மாத்தறத நாங்க பாத்துக்கறோம்."