பெரிய கிளாக்கர் இளைப்பாறப் போகிறார்

"நல்ல முடிவு, மிஸ்டர் ஏரம்பமூர்த்தி. முப்பதாம் திகதியே போய்விடுங்கள். வீட்டில் உங்கள் மனைவி காத்துக்கொண்டிருப்பார் அல்லவா?"

புதுத் துரை இங்கிலீஷில் இப்படிச் சொன்னதும் பெரிய கிளாக்கர் ஏரம்பமூர்த்தி திறந்த வாயை மூடவில்லை. அவர் எதிர்பார்த்து வந்த பதில் இதுவல்ல.

குருவிட்டையிலிருந்து நாலு மைல் தள்ளியிருந்த அந்த இறப்பர்த் தோட்டத்தில் அவர் முப்பத்தாறு வருடம் ஆட்சி செய்தவர். துரைமார் வருவார்கள், போவார்கள், கிளாக்கர் மட்டும் இருப்பார் என்பது அவருடைய வேதம். அறுபது வயதில் வேலையிலிருந்து இளைப்பாறியிருக்க வேண்டும். இப்போது அறுபத்து மூன்று. மூன்று வருடமாக, ஒவ்வொரு ஆவணியிலும் பழைய துரைக்கு முன்னால் போய் நின்று, "நான் போகத்தான் வேணும் சேர், மனுசி பாத்துக்கொண்டிருக்கிறா" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்வார். பழைய துரை, "இன்னும் ஒரு வருடம் இரும்" என்பார். இவரும் பெருமூச்சு விட்டுப் பெரிய தியாகியைப் போல ஒப்புக்கொள்வார். பிறகு ஒரு மாதத்துக்கு, "துரை என்ரை காலிலை விழாத குறை" என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிவார்.

போன வருடம் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பழைய துரை போனார். முப்பது வயதுகூட நிரம்பாத சிங்களப் பொடியன் ஒருவர் துரையாக வந்தார். பாவம், அவருக்கு இந்தச் சடங்கு தெரியாது. போகவேண்டும் என்றவரைப் போ என்றுவிட்டார்.

யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் பலரைப் போல ஏரம்பமூர்த்தியும் குடும்பத்தை அளவெட்டியில் விட்டுவிட்டுத் தனியே தெற்கில் இருந்தவர். பொங்கலுக்குப் பத்து நாள், நல்லூர்த் திருவிழாவுக்குப் பத்து நாள், அவ்வளவுதான் அவருடைய இல்லறம். இங்கே தோட்டத்து அலுவலகமான கந்தோரின் வாசலில் அவர் செருமினால் நாற்பது பேர் எழுந்து நிற்பார்கள். அங்கே சிவனேஸ்வரி ரீச்சரின் புருசன் என்று சொன்னால்தான் தபால்காரனுக்கே ஆளைத் தெரியும். சொந்த வீட்டில் செம்பு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. அங்கே போய் ஒன்றுக்கும் உதவாத மனிதராகக் குந்தியிருக்க அவருக்குப் பயமாக இருந்தது. உண்மையான பயம். அதை ஒத்துக்கொள்கிற மனம்தான் அவருக்கு இல்லை.

'மூண்டு நாள் நான் படுத்தால் தெரியும், இந்தத் தோட்டம் எப்படி ஓடுது எண்டு' என்று முடிவு செய்து, மறுநாள் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்துக்கொண்டு படுத்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம்.

நாலாம் நாள் இரண்டாம் கிளாக்கர் ஜாபிர் செவ்விளநீரோடு பார்க்க வந்தான்.

"கந்தோர் என்ன மாதிரி?" என்று முனகினார் ஏரம்பமூர்த்தி.

"அதப் பத்தி யோசிக்காதீங்க சேர். நல்லா ரெஸ்ட் எடுங்க. ஒரு வேலையும் மிச்சமில்ல."

"மிச்சமில்லையோ? லீவுத் துண்டுக்கு வாசலிலை நிக்கிற சனம்?"

"யாரும் இல்ல சேர். வந்த ஒடனே எழுதிக் குடுத்திட்டேன். புள்ளைக்குப் பேர் பதியக் கடுதாசி கேட்டு வந்தவங்களுக்கும் அப்பவே குடுத்தாச்சு."

ஏரம்பமூர்த்திக்கு உண்மையாகவே காய்ச்சல் காய்ந்தது. ஒரு துண்டுக் கடுதாசிக்கு மூன்று நாள் நிற்க வைக்காவிட்டால் பெரிய கிளாக்கர் என்ற பேருக்கு என்ன மரியாதை?

அன்று பின்னேரம் புதுத் துரை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து மனம் இளகிவிட்டார்.

"இந்த உடம்போடு முப்பதாம் திகதி வரை ஏன் கஷ்டப்படவேண்டும்? இருபதாம் திகதியே போய்விடுங்கள்."

ஆக, காய்ச்சலால் கண்ட லாபம் பத்து நாள் நட்டம்.

அடுத்தபடியாகத் தொழிற்சங்கத் தலைவர் அழகமுத்துவைக் கூப்பிட்டார். முப்பத்தாறு வருடத்தில் அன்றுதான் அவருக்கு உட்கார நாற்காலி கொடுத்தார். அழகமுத்து நாற்காலியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"அழகமுத்து, நான் போறது சனத்துக்குக் கவலையாத்தானே இருக்கும்?"

"ரொம்பக் கவலைங்க ஐயா" என்றார் அழகமுத்து, சுவரைப் பார்த்து.

"அப்ப, கிளாக்கர் ஐயாவை விடவேண்டாம் எண்டு துரைக்கு ஒரு மனு குடுங்கோவன். இங்கிலீஷிலை நானே அடிச்சுத் தாறன். நீர் கைநாட்டு மட்டும் வாங்கும். ஒரு நூத்தி நாப்பது காணும்."

ஒரே பின்னேரத்தில் நூற்று நாற்பது கைநாட்டும் வந்து சேர்ந்தன. பதினொரு பேர் இடமில்லாமல் பின்பக்கத்திலும் வைத்திருந்தார்கள். தோட்டத்து வரலாற்றில் எந்த மனுவுக்கும் இப்படிச் சனம் முண்டியடித்ததில்லை. ஏரம்பமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு அன்பா என்மேல் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. தன்னைப் பற்றி நல்லதாக யார் எதைச் சொன்னாலும் விசாரியாமல் நம்புகிறவர் அவர்.

சனிக்கிழமை காலை, ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் புதுத் துரை மனுவோடு வந்து நின்றார். பக்கத்தில் ஏரம்பமூர்த்தி, தலையை அடக்கமாகக் குனிந்தபடி. முன்வரிசையில் நின்ற பால் வெட்டுகிற இலட்சுமியைப் பார்த்து, துரை தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்:

"கிளாக்கர் போக வேணாம் சொல்றது என்னாத்துக்கு?"

இலட்சுமி வாளியைக் கீழே வைத்தாள். "என்னங்க தொரை இது! போகட்டும்னுதானே கைநாட்டு வெச்சோம்!"

"ஆமாங்க! சீக்கிரமா அனுப்பச் சொல்லித்தானே!" என்று பின்வரிசையும் சேர்ந்துகொண்டது.

ஏரம்பமூர்த்தி அழகமுத்துவை முறைத்தார். அழகமுத்து அவர் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க ஐயா. விடவேணாம்னு சொன்னா ஒரு கட்டைவிரல்கூட வராதுங்க. ஐயா நூத்தி நாப்பது வேணும்னீங்க. நான் வேற என்னாங்க செய்யிறது?"

புதுத் துரை சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு, சனத்தின் விருப்பப்படி வருகிற வெள்ளிக்கிழமையே பிரியாவிடை என்று அறிவித்தார். பெரட்டுக் களத்தில் விசில் பறந்தது. இரத்தினபுரியிலிருந்து படம் பிடிக்க ஆள் கூப்பிடலாம் என்றும் தப்பு அடிக்கலாம் என்றும் அங்கேயே பேச்சு எழுந்தது.

இனி வழியில்லை. அன்றைக்கே ஏரம்பமூர்த்தி சிவனேஸ்வரிக்குக் கடிதம் எழுதினார். வழக்கமாக எழுதும் நாலு பக்கப் பெருமை இல்லை, இரண்டே வரிதான்: 'வெள்ளி இரவு ரயிலெடுக்கிறேன். இனி உம்மோடுதான்.' தினமும் குருவிட்டைத் தபால் கந்தோருக்கு நடந்துபோய்த் தோட்டத்துத் தபால்பையைச் சுமந்து வருகிற முத்துவீரனிடம் கடிதத்தைக் கொடுத்தார்.

ஐந்து நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலை, மானம் மரியாதையை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, துரையின் காலில் விழுவதென்றே முடிவெடுத்துக் கந்தோருக்குள் போனார். குனிவதற்கு முன்பே துரை எழுந்து நின்றுவிட்டார்.

"மிஸ்டர் ஏரம்பமூர்த்தி, நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். இன்னும் ஒரு வருடம் நீங்கள் இங்கேயே இருக்கவேண்டும்." துரை சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

குனியப் போன முதுகு உடனே நிமிர்ந்தது. முப்பத்தாறு வருடப் பழக்கம் சும்மா விடுமா?

"நான் போகத்தான் வேணும் சேர். மனுசி பாத்துக்கொண்..."

"இல்லை, இல்லை!" துரை பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார். "தயவுசெய்து இருங்கள். தயவுசெய்து."

ஏரம்பமூர்த்தி நீளமான பெருமூச்சு ஒன்றை விட்டு ஒப்புக்கொண்டார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. வெளியே வந்ததும் பிரியாவிடை மாலைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துச் செருமினார். அவர்கள் எழுந்து நின்றார்கள். ஜாபிரைக் கூப்பிட்டு, லீவுத் துண்டு இனித் தன் மேசையால்தான் போகவேண்டும் என்றார். பிறகு உட்கார்ந்து, சிவனேஸ்வரிக்குப் பழையபடி நாலு பக்கம் எழுதினார். துரை கண்கலங்கியதாகவும், தோட்டமே அழுததாகவும், தான் கல்லாகிப் போன மனத்தோடு கடமைக்குத் தலைவணங்கியதாகவும் எழுதி உறையை ஒட்டி முத்துவீரனிடம் நீட்டினார்.

"கெதியாக் கொண்டுபோய்ப் போடு. அங்கை அவ பாவம், நான் வாறன் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டிருப்பா. துரை என்னை விடமாட்டன் எண்டு நிண்டிட்டார் எண்டது அவவுக்குத் தெரியவேணும்."

முத்துவீரன் உறையை வாங்கிப் பைக்குள் போட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமுங்களே ஐயா. நேத்து அவங்க தொரைக்கு அடிச்ச தந்திய நான்தானே கொண்டாந்தேன். தந்தின்னதும் யாரு செத்தாங்களோன்னு பயந்து தபால் கந்தோருல வாசிக்கச் சொல்லிக் கேட்டேனுங்க. 'பழைய தொரை நான் கெஞ்சிக் கேட்டு மூணு வருசம் அவர வெச்சிக்கிட்டாரு, நீங்களும் ஒரு வருசம் அங்கேயே வெச்சிக்குங்க'ன்னு அம்மாதானுங்களே கேட்டிருந்தாங்க!"