எழுநூத்தம்பது வாட் பொய்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். பாண்டிச்சேரி போகணும், கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வாங்கணும், சாயங்காலத்துக்குள்ள நெய்வேலி திரும்பணும்.

நான் அப்போ இன்ஜினியரிங் மூணாவது வருஷம். கேம் ஆடத்தான் கம்ப்யூட்டர். வீட்ல சொன்னது மட்டும் வேற. "ப்ராஜக்ட் செய்யணும்ப்பா."

எல்லாத்துக்கும் காரணம் எட்டாவது ப்ளாக் முரளி. அவன் கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் ஆட விட்டு, என்னைத் தோக்கடிச்சு, "போய் டவுன் பஸ் ஓட்டுடா"ம்பான். நானும் ரோஷத்துல, "வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வா, என் சிஸ்டத்துல காட்டறேன்"னு சவால் விட்டுட்டேன். நாலு பேர் முன்னாடி வேற!

முப்பத்தஞ்சாயிரத்துக்குள்ள அடங்குற மாதிரி ஒரு மாசம் உக்காந்து லிஸ்ட் போட்டேன். பரீட்சைக்கு அப்படி உக்காந்திருந்தா ரெண்டு அரியர் மிச்சம் இருந்திருக்காது. லிஸ்டோட உயிரே கிராபிக்ஸ் கார்டுதான். கேம்ல படம் தடங்காம ஓடுறதே அதாலதான். அது இல்லாட்டி காரைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.

அப்பா இருபத்தஞ்சு வருஷமா தெர்மல் மின் நிலையத்துல டர்பைன் பக்கத்துல நிக்கிறவர். அன்னைக்குன்னு பார்த்து அவருக்கு ஆஃப். "நானும் வரேன்டா"ன்னு சட்டையை மாட்டிட்டார்.

பஸ்ல லிஸ்டை வாங்கிப் பார்த்தார். ப்ராசசர், போர்டு, ரேம் எல்லாத்தையும் தாண்டிப் போன விரல், இதுக்கெல்லாம் கரண்ட் குடுக்குற பவர் சப்ளைல வந்து நின்னுச்சு.

"மொத்த லோடு எவ்ளோடா?"

"முந்நூறு வாட் வரும்ப்பா."

"சப்ளை?"

"நானூத்தம்பது."

கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தார். "ஊருக்கே கரண்ட் குடுக்குறவன் வூட்ல இப்படியா?"

பாண்டிச்சேரி கடைக்காரர் நல்ல மனுஷன். "நானூத்தம்பதே தாராளம் சார்"னு சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்டாத்தானே! ஒவ்வொரு பவர் சப்ளையையும் கையில தூக்கி, தேங்கா வாங்குற மாதிரி எடை பார்த்தார்.

"லேசா இருக்கே. உள்ள காப்பர் கம்மி."

கடைக்காரர் அசந்துட்டார். "சார் எந்த ஃபீல்டுங்க?"

கேக்கக் கூடாத கேள்வி அது! நிலக்கரி பாய்லருக்குள்ள போறதுல ஆரம்பிச்சு, கரண்ட் வெளிய வர்ற வரைக்கும் அப்பா முழுசா சொல்லி முடிச்சார். நடுவுல ரெண்டு தடவை டீ வந்துச்சு.

கடைசியில மேஜைமேல உக்காந்திருந்தது எழுநூத்தம்பது வாட். பக்கத்துல துணைக்கு ஒரு யூபிஎஸ். பில் போட்டா பட்ஜெட்டை ஏழாயிரம் தாண்டி நிக்குது.

"இதுல எதை எடுத்துட்டா பரவால்ல?"ன்னார் அப்பா.

கடைக்காரர் லிஸ்டைக் கையில வாங்கினார்.

"தம்பிக்கு எதுக்குங்க சார் கம்ப்யூட்டர்?"

"காலேஜ் ப்ராஜக்ட்டுக்கு."

"அப்ப இந்த கிராபிக்ஸ் கார்டு தண்டம்ங்க. இதெல்லாம் கேம் ஆடுற பசங்க வாங்குறது."

அப்பா பெருமையா சிரிச்சார். "இவன் கேமெல்லாம் ஆட மாட்டான்."

ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க"ன்னேன்.

கார்டு மறுபடி கண்ணாடி அலமாரிக்குள்ள போயிடுச்சு. எனக்கு அழுகையே வந்துச்சு.

குவார்ட்டர்ஸ் வந்தும் அப்பா அதோட நிக்கல. கரண்ட் கசிஞ்சா மண்ணுக்குள்ள இறங்க கம்ப்யூட்டருக்குத் தனி எர்த்திங் வேணுமாம். தோட்டத்துல பலா மரத்துக்குப் பக்கத்துல குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டினார்.

அம்மா எட்டிப் பார்த்து, "யாரைப் புதைக்கிறீங்க?"ன்னாங்க.

என்னைத்தான்னு சொல்ல நினைச்சேன்.

மறுநாள் ஷிஃப்ட் முடிஞ்சதும் அப்பாவோட ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர் வந்தாங்க. கம்ப்யூட்டரைத் திறந்து வச்சு பவர் சப்ளையை மட்டும் பார்த்தாங்க. "நல்ல மெஷின்பா"ன்னு எனக்குக் கை குடுத்துட்டுப் போனாங்க.

ஞாயித்துக்கிழமை முரளி வந்தான். ரேஸ் ஆரம்பிச்சுது. என் கார், கல்யாண ஆல்பம் புரட்டுற மாதிரி, ஒரு படம், நின்னு, அப்புறம் இன்னொரு படம்னு நகர்ந்துச்சு.

எங்கம்மா குடுத்த பஜ்ஜியை மென்னுக்கிட்டே முரளி பார்த்தான். ஒரு தட்டு காலியாச்சு. என் கார் இன்னும் முதல் வளைவுலதான்.

"டவுன் பஸ்ஸே தேவலாம்டா"ன்னான்.

கேம் எதுவும் ஓடாததால, வேற வழியில்லாம ப்ராஜக்ட்டையே செஞ்சு முடிச்சேன். கிளாஸ்லயே நான்தான் முதல். அந்தச் சந்தோஷத்துல அப்பா என் தோள்ல கை போட்டதும் எனக்குத் தாங்கல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ப்ராஜக்ட் பொய், கேம்தான் நிஜம், முரளி, கார் ரேஸ், கார்டு, எல்லாம்.

அப்பா தோள்லேர்ந்து கையை எடுத்துட்டார். முகம் வாடிப் போச்சு. எனக்கும் கண் கலங்கிடுச்சு.

"கேமுக்குன்னு அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"சாரிப்பா."

"கேமுன்னா லோடு ஏறுமேடா. ஆயிரம் வாட்டா எடுத்திருப்பேனே!"