பெருநாளும் ரெஃபிக்கின் நெற்றியும்

கடைசி முடி நடப்பட்டு எழுபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. பத்து நாளைக்குத் தலையிலும் நெற்றியிலும் காற்றைத் தவிர வேறெதுவும் படக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ரெஃபிக் இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில், பெண் வீட்டு வாசலில், ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

உள்ளே பதினோரு பெரியவர்கள் காத்திருந்தார்கள். நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் அது. ஒவ்வொருவர் கையையும் முத்தமிட வேண்டும். முத்தமிட்ட கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினோரு பேர், பதினோரு கை.

இது ஒன்றுதான் அவன் யோசிக்காமல் விட்டது.

மற்றபடி ரெஃபிக் எதையும் யோசிக்காமல் விடுகிறவன் அல்ல. ஜெர்மனியில், டூயிஸ்பர்க் நகரில், லிஃப்ட் பரிசோதகனாக இருந்தான். வயது முப்பத்தாறு. அவன் கையெழுத்துப் போடாமல் அந்த ஊரில் நானூறு லிஃப்டுகள் நகர முடியாது. தலையில் முடி வைக்க இஸ்தான்புல் போவது என்று முடிவானதும், நாற்பத்தொரு கேள்விகள் எழுதிக்கொண்டு ஆறு கிளினிக்குகளுக்குப் போன் செய்தான்.

முதல் கிளினிக்கின் விளம்பரத்தில் இருந்த டாக்டர், இரண்டாவது கிளினிக்கின் விளம்பரத்திலும் வேறு பெயரில் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்தான். மூன்றாவதில் டாக்டரிடம் பேச வேண்டும் என்றபோது, டாக்டர் இப்போது படகில் இருக்கிறார் என்றார்கள். மறுநாளும் படகில்தான் இருந்தார். நான்காவதில் ஒரே நாளில் பதினேழு பேருக்கு முடி வைப்பதாகப் பெருமையாகச் சொன்னார்கள். ஐந்தாவதில் முடியோடு சேர்த்து பலூன் சவாரியும் இலவசம். ஆறாவது கிளினிக்கில்தான் டாக்டரே போனை எடுத்தார். ஒரு நாளைக்கு ஒரே ஒருவர்தான் என்றார். தலையில் துளை போடுவது நான்தான், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றார். நடுகிற நர்ஸுக்கு ஒன்பது வருட அனுபவம் என்றார். பதிவு எண் கொடுத்தார். ரெஃபிக் அந்த எண்ணை சுகாதார அமைச்சகத்தின் பட்டியலில் சரிபார்த்தான். ஏதாவது கோளாறானால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள் என்பது நாற்பத்தொன்றாவது கேள்வி. அதற்கும் பதில் இருந்தது.

இத்தனையும் நிகாருக்காக. பனிக்காலத்தில் அம்மா அனுப்பிய படத்தில் அவளைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு பெண் தோன்றவில்லை. இஸ்தான்புல்லில் தன் அண்ணன் வீட்டோடு இருக்கும் அம்மா, பெண் வீட்டுக்குக் கொடுத்த படமோ எட்டு வருடம் பழையது. அதில் அவனுக்கு அடர்ந்த முடி. நிகாரிடம் போனில் பேசினால் முகத்தைக் காட்டச் சொல்வாள் என்று பயந்து அவன் ஒரு முறைகூடப் பேசவில்லை. பெண் கேட்கப் போவதை அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிப் போட்டான். அதற்குள் முடி வளர்ந்துவிடும்.

திங்கட்கிழமை ஏழு மணி நேரம் குப்புறவும் மல்லாக்கவும் கிடந்தான். மரத்துப்போன தலையோடு செய்வதற்கு வேறு வேலை இல்லாததால், படத்துப் பெண்ணுக்காகத்தான் இத்தனையும் என்று வாய் ஓயாமல் பேசினான். முகமூடிக்காரர்கள் தலையை ஆட்டாதீர்கள் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் ஓட்டல் அறையில் கழுத்துத் தலையணையோடு நேராக உட்கார்ந்திருந்தபோது அம்மாவிடமிருந்து போன்.

"பெருநாளுக்கே வரச் சொல்றாங்கடா. பொண்ணே கேட்டாளாம். ரொம்ப நிதானமான பொண்ணுன்னு பேரு. அவளே அவசரப்படும்போது நாம இழுத்தா நல்லா இருக்குமா? நீ உடனே டிக்கெட் போடு."

அவன் டூயிஸ்பர்க்கில் இருப்பதாக அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பாங்குச் சத்தம் வந்தது. என்ன அது என்று கேட்டார். இங்கேயும் பள்ளிவாசல் இருக்கிறது அம்மா என்றான். அதுதான் முதல் பொய்.

வியாழன் காலை அம்மாவின் கையை முத்தமிட்டு மோவாயில் வைத்துக்கொண்டான். அம்மா கையை இழுத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். ஜெர்மனி போய் நெற்றி எது மோவாய் எது என்றுகூட மறந்துவிட்டதா என்று கேட்டார். லிஃப்ட் கதவு நெற்றியில் இடித்துவிட்டது என்றான். அம்மா தொப்பியை எடுக்க வந்தார். கட்டுப் போட்டிருக்கிறது, தொடக் கூடாது என்றான்.

இது மட்டும் படலாம் என்று கிளினிக்கில் கொடுத்த தளர்ந்த துணித்தொப்பி அது. கிளினிக்கின் பெயர் தெரியாமலிருக்க, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தான். நெற்றி இரவோடு இரவாக வீங்கி, தொப்பிக்குக் கீழே ஒரு சின்னத் தாழ்வாரம் போல நீண்டிருந்தது.

இந்தத் தலையோடு, அம்மாவும் மாமாவும் உடன் வர, வாசலைத் தாண்டினான்.

முதல் கை பெண்ணின் அப்பா முஃபித்துடையது. ஓய்வு பெற்ற படகுக் கேப்டன். முத்தமிட்டு, கையைத் தன் மூக்குக்கு நேரே ஒரு கணம் நிறுத்தி இறக்கிவிட்டான். இரண்டாவது கையைக் கன்னத்தில் வைத்தான். மூன்றாவதுக்கு வந்தபோது ஒரு யோசனை தோன்றி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். மூன்றாவது கை பெண்ணின் அத்தை பெரிஹானுடையது. அவர் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

ஒன்பதாவது பெரியவர் பழைய மல்யுத்த வீரர். அவருக்குக் கையெல்லாம் போதாது. அவர்கள் பக்கத்தில் ஆண்கள் தலையோடு தலை முட்டித்தான் வாழ்த்துச் சொல்வார்கள். ரெஃபிக்கின் பிடரியைப் பிடித்து இழுத்தார். ரெஃபிக் குனிந்தான். குனிந்த வேகத்தில் முழங்கால் மேஜையில் பட்டு, பக்லாவா இனிப்புத் தட்டு கம்பளத்தில் கவிழ்ந்தது. மல்யுத்த வீரர் காற்றை முட்டிவிட்டு, அவமானத்தோடு உட்கார்ந்தார்.

பெரிஹான் அத்தை, விருந்தாளிகளின் கையில் ஊற்றும் எலுமிச்சைக் கொலோன் வாசனைத் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார். எல்லோரும் கையை நீட்டி வாங்கி முகத்திலும் பிடரியிலும் தடவிக்கொண்டார்கள். ரெஃபிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சாராயம் கலந்தது அத்தை. நான் விட்டுட்டேன்."

"உன்னை யாரு குடிக்கச் சொன்னா? தடவுப்பா."

சொன்னதோடு நிற்கவில்லை. பையன் வெளிறிப்போயிருக்கிறான் என்று நெற்றியை நோக்கிப் பாட்டிலைச் சாய்த்தார். ரெஃபிக் அம்மாவின் பின்னால் போய் உட்கார்ந்தான்.

முஃபித் தொப்பியைப் பார்த்தார். இது வீடு, பஸ் நிறுத்தம் இல்லை தம்பி, கழற்றி வை என்றார். அம்மா முந்திக்கொண்டார். லிஃப்ட் கதவு இடித்ததைச் சொன்னவர், அது பரிதாபமாக இருக்கட்டும் என்று, லிஃப்டே மூன்று மாடி இறங்கிவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டார். முஃபித்தின் புருவம் உயர்ந்தது. பரிசோதித்தது யார் என்று கேட்டார்.

ரெஃபிக் அவசரமாக, லிஃப்டில் ஒரு தப்பும் இல்லை, அது வெயில் வீக்கம் என்றான்.

அதே நேரத்தில் ஷெவ்கெத் மாமாவும் வாயைத் திறந்தார். அவர் அம்மாவின் அண்ணன். ஒரு மணி நேரமாக மருமகனின் நெற்றியைப் பார்த்துத் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தேனீ கொட்டியிருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறான் என்றார்.

மல்யுத்த வீரர் விரல் விட்டு எண்ணினார்.

"லிஃப்ட், வெயில், தேனீ," என்றார் முஃபித். "ஒரே நெத்தியில மூணும் ஒரே வாரத்துலயா?"

உண்மையைச் சொன்னால் பழைய படத்தையும் சொல்ல வேண்டும். ரெஃபிக் அம்மாவைப் பார்த்தான். அம்மா கம்பளத்தில் கிடந்த பக்லாவாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முஃபித் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எனக்கு ஒரே பொண்ணு. மருமகன் ஏழையா இருக்கலாம், குட்டையா இருக்கலாம், மொட்டையாக்கூட இருக்கலாம். நெத்தி ஏன் வீங்குச்சுன்னு கேட்டா ஒரு பதில் சொல்லத் தெரியணும். காபி வருது. குடிச்சிட்டு, பெருநாள் வாழ்த்துச் சொல்லிட்டு, கிளம்புங்க."

மொட்டையாக்கூட என்ற சொல் மட்டும் ரெஃபிக்கின் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது. ஏழு மணி நேரம். இரண்டு சம்பளம். நாற்பத்தொரு கேள்வி.

நிகார் காபித் தட்டோடு உள்ளே வந்தாள். படத்தில் பார்த்ததைவிட உயரமாக இருந்தாள். பதினான்கு கோப்பைகள், எதிலும் ஒரு துளிகூடத் தளும்பவில்லை. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக அவனிடம் வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றியைப் பார்த்தாள். போய் வாசல் ஓரமாக நின்றாள்.

பெண் கேட்க வந்தவனுக்கு உப்புப் போட்ட காபிதான் கொடுப்பார்கள். முகம் சுளிக்காமல் குடித்து முடிக்கிறவன் குடும்பம் நடத்துவான் என்று எடுத்துக்கொள்வார்கள். சம்பந்தம் முறிந்துகொண்டிருந்த நேரத்திலும் அந்த வேடிக்கையை விட யாருக்கும் மனமில்லை. அறை முழுவதும் அவன் வாயையே பார்த்தது.

இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தான் ரெஃபிக். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் பாதியைக் குடித்தான். முகம் சுளிக்கவில்லை. சுளிக்க எதுவும் இல்லை. நல்ல காபி. மறுபடியும் ஒரு வாய் குடித்துப் பார்த்தான்.

அவன் முகத்தில் குழப்பத்தைப் பார்த்த பெரிஹான் அத்தை எழுந்து வந்து கோப்பையைப் பிடுங்கினார். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்.

"உப்பே போடலையே." கோப்பையை எல்லோருக்கும் காட்டினார். "சோதிச்சுப் பார்க்கக்கூட இந்த ஆளு லாயக்கில்லன்னு சொல்லிட்டா. என் மருமக ரோஷக்காரி."

அம்மா கைக்குட்டையைத் தேடினார். ஷெவ்கெத் மாமா, அல்லாஹ்வின் கட்டளைப்படி என்று பெண் கேட்கத் தொடங்குவதற்காகக் காலையிலிருந்து மனப்பாடம் செய்திருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ரெஃபிக் எழுந்து நின்றான். யாரிடமும் சொல்லாமல் வாசலுக்குப் போய்விட நினைத்தான். வாசலில் அவள் நின்றாள்.

முஃபித் மகளைப் பார்த்தார். இவனைப் பிடிக்கவில்லை என்றால் பெரியவர்கள் முன்னாலேயே சொல்லிவிடு என்றார்.

நிகார் காலித் தட்டைக் கீழே வைத்தாள்.

"உப்பு உள்ள போனா வீக்கம் கண்ணுக்கு இறங்கிடும்பா. அவர் தலையில முடி நட்டது நான்தான்."