எங்கள் ஊரில் யாருக்கும் நோயில்லை

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. இங்கு யாவரும் நலம். இல்லை, நலமில்லை, இப்படிச் சொல்லித்தான் எல்லா வினையும் வந்தது. வாசலில் வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது. உன் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் இதை ஓட்டுநர் அண்ணனிடம் கொடுத்தாக வேண்டும். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

டாக்டர் போனதிலிருந்து நம் சுகாதார நிலையம் பூட்டிக் கிடப்பது உனக்குத் தெரியும். படிப்பை முடிக்கும் உங்களில் ஒருவராவது இந்த வாரத்துக்குள் வேலைக்கு நம் ஊரைக் கேட்டு எழுதித் தராவிட்டால் அதை அடியோடு மூடிவிடுவார்களாம். ஊரைப் பார்க்க மாணவர்கள் வருகிறார்கள் என்றதும் பெரியப்பா (உன் அப்பாதான்) ஊர்த் தலைவர் என்ற முறையில் எல்லோரையும் கூட்டினார். "சம்பந்தம் பேச வர்றாங்கன்னு நினைச்சுக்குங்க. குறை ஒண்ணும் கண்ணுல படக்கூடாது. இருமுறவன், நொண்டுறவன் ஒருத்தனும் வெளிய தலைகாட்டக் கூடாது!" என்றார். நானும் என் பங்குக்கு 'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்று பெரிதாக எழுதிச் சுகாதார நிலையத்தின் வாசலிலேயே தொங்கவிட்டேன்.

மாணவர்கள் வந்தார்கள், மேசையைத் துடைத்தார்கள், உட்கார்ந்தார்கள். ஈ, காக்கைகூட வரவில்லை. கடைசியில் கண்ணாடி போட்ட ஓர் அக்கா கேட்டார்: "ஏங்க, இங்க யாருக்குமே உடம்புக்கு எதுவும் வராதா?"

"வராதும்மா. எங்க ஊர்க் காத்து அப்படி!" என்றார் பெரியப்பா.

"அப்ப நாங்க எதுக்குங்க?"

பெரியப்பாவுக்கு வாயடைத்தது. வாயோடு நின்றிருந்தால் பரவாயில்லை, மூச்சும் அடைத்தது. உனக்குச் சொல்லக் கூடாதென்று எங்களிடம் சத்தியம் வாங்கிய அதே இழுப்புதான். யாருக்கும் தெரியாமல் இருமிவிட்டு வரலாமென்று பின்னால் இருந்த சாமான் அறைக்குள் நுழைந்தார். அங்கே ஏற்கெனவே வீங்கிய காலோடு தையற்காரரும், காய்ச்சலோடு கடைக்கார அத்தையும் ஒளிந்திருந்தார்கள். "ஐயோ, தலைவர் விழுந்துட்டாரே!" என்று அத்தை அலறியபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா, அவர் உதடு நீலமாக இருந்தது.

கண்ணாடி அக்கா அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, மருந்துப் புகை வரும் முகமூடியை மூக்கில் அழுத்தினார். "எனக்கு ஒண்ணுமில்..." என்று பெரியப்பா ஆரம்பித்தார். "பேசாதீங்கன்னு சொன்னேன்ல!" என்று ஓர் அதட்டல். பெரியப்பாவை யாரும் அதட்டி நான் கேட்டதே இல்லை. அவர் நெஞ்சு துருத்தி போல ஏறி இறங்கியது. எங்களில் யாரும் மூச்சே விடவில்லை. வெகுநேரம் கழித்து உதட்டில் நிறம் திரும்பியது.

உடனே தையற்காரர், "அப்படியே என் காலையும் ஒரு பார்வை பாத்துடுங்களேன்" என்றார். அவ்வளவுதான். கதவுக்குப் பின்னாலிருந்தும் மதிலுக்கு அப்பாலிருந்தும் ஊரே கிளம்பி வந்து வரிசையில் நின்றது. மாணவர்கள் சாப்பிடக்கூட எழவில்லை. "நாலு பேருக்கே நாக்குத் தள்ளுது. இங்க ஒரே ஆளா? ஆளை விடுங்க சாமி!" என்று ஒருவர் கும்பிட்டே விட்டார். இப்போது எல்லோரும் வேனில்.

ஆகவே அக்கா, நீதான் கதி. கிராமத்துக்குப் போனால் படித்தது துருப்பிடித்துவிடும் என்றாயே, இங்கே துருப்பிடிக்க நேரமே கிடைக்காது. நம் ஊரைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடு. "எனக்கு நல்லாயிருக்குன்னு எழுது" என்று முகமூடி மாட்டிய பெரியப்பா சைகை காட்டுகிறார், எழுத மாட்டேன்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே உனக்கு ஆசி சொல்லச் சொன்னார்.

உன் வரவை எண்ணிப் பதறும்,
தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதை மறந்துவிடு. நம் ஊரைக் கேட்கவே கேட்காதே! பெரியப்பா முகமூடியைக் கழற்றியதைக் கண்ணாடி அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். வேனிலிருந்து குதித்து வந்து, "இவரை நம்பி விட்டுட்டுப் போனா ரெண்டே நாள்ல ஆளு காலி. நானே எழுதிக் குடுக்கறேன், முதல்ல அதை மாட்டுங்க!" என்று கத்துகிறார். இருப்பது ஒரே இடம். நீ கேட்டால் மதிப்பெண்ணுக்கு உனக்குத்தான் கொடுப்பார்கள். வேண்டாம் அக்கா. பெரியப்பா "ஒண்ணுமில்லம்மா" என்றால் நீ நம்பிவிடுவாய். பக்கத்து ஊரிலும் ஒரு சுகாதார நிலையம் பூட்டிக் கிடக்கிறதாம். அதைக் கேள். அங்கே நமக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. நீயும் தைரியமாக அதட்டலாம்.