இடது முட்டிக்கு எத்தனை சதவீதம்?

கேஸ் ஜெயித்துவிட்டது என்று வக்கீல் போன் செய்த காலையிலேயே இருதயராஜ் ஒரு சபதம் எடுத்தார். இனி இந்த வீட்டில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடுவதில்லை.

"ஆக்னஸு! இந்த முட்டி இனிமே என் முட்டி இல்ல. கவர்மென்ட் முட்டி!"

"அப்போ அதுக்குக் காலைல டிபன் கவர்மென்ட் போடுமா, நான் போடணுமா?"

"நீதான் போடணும். ஜாக்கிரதையா போடணும்."

இருதயராஜ் ராணுவத்தில் லாரி ஓட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வடக்கே பனிமலையில் ஒருநாள் லாரி வழுக்கிப் பாறையில் மோதியதில் இடது முட்டி நொறுங்கிப் போனது. அது பணியில் பட்ட அடியே இல்லை, ஊன பென்ஷன் கிடையாது என்று யாரோ எழுதி அனுப்பிவிட்டார்கள். பின்னே என்ன, பனிமலைக்கு மனிதர் தேனிலவுக்கா போனார்? வருஷக்கணக்கில் விடாமல் வழக்காடி, இப்போதுதான் தீர்ப்பு அவர் பக்கம் வந்திருந்தது. ஆனால் அதோடு முடியவில்லை. ஊனம் எத்தனை சதவீதம் என்று ராணுவ டாக்டர்கள் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இருபதுக்குக் கீழே போனால் ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை.

அந்த மெடிக்கல் போர்டுக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீடு இருந்த முத்தாபுதுப்பேட்டையின் டீக்கடையில் கைலியைத் தூக்கி முட்டியைக் காட்டி, "பாத்து சொல்லு, எவ்ளோ தேறும்?" என்று எல்லாரிடமும் மதிப்பீடு கேட்டார். டீக்கடைக்காரர் முப்பது என்றார். அன்றிலிருந்து அங்கே டீ குடிப்பதை நிறுத்திவிட்டு, அறுபது சொன்ன எதிர்க்கடைக்கு மாறிக்கொண்டார்.

வீட்டில் அவர் நிலைமை இன்னும் விசேஷம். தண்ணீர் கேன் வாசலில் வந்து இறங்கினால் வாசலிலேயே இருந்தது. ஆக்னஸ் பகலெல்லாம் ஆவடியில் சிப்பாய்களுக்கு உடுப்புத் தைத்துவிட்டு வந்து, அதையும் தூக்கி உள்ளே வைத்தாள்.

"ஒரு கை புடிக்கக் கூடாதாய்யா?"

"நான் வேலை செஞ்சு, அந்தப் பயிற்சில முட்டி சரியாப் பூட்ச்சுன்னா? அத்தினி வருஷக் கேஸு பூடும் ஆக்னஸு!"

"சரி, வெங்காயமாவது உரி. வெங்காயத்துக்கும் முட்டிக்கும் இன்னா சம்பந்தம்?"

"நரம்பு எல்லாம் ஒரே கனெக்ஷன். உனுக்குத் தெரியாது."

"வாயும் அதே கனெக்ஷன்தானே? அது மட்டும் நல்லா வேலை செய்யுதே!"

பக்கத்துப் போர்ஷன் செங்கல்வராயன் அப்போது மோர் கேட்டு உள்ளே வந்தார். டாங்க் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வீட்டுச் சண்டையைக் கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

"மச்சான், போர்டுக்குப் போனா நல்லா நொண்டு. நான் சொல்லிக் குட்க்கறேன், இப்டி..." என்று கூடத்தில் நொண்டிக் காட்டினார்.

இருதயராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. "த்தா பாரு, நான் நடிக்க மாட்டேன். கீறத கீற மாதிரி சொல்வேன். அவ்ளோதான்."

"கீறத சொன்னா போதும்யா," என்றாள் ஆக்னஸ். "ஆனா அத நீ சொல்லுவியா?"

அந்தக் கேள்வி அவர் காதில் ஏறவில்லை. அவர் அடுத்த பிரகடனத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஒரு கண்டிஷன் போடறேன். போர்டு எத்தினி பர்சென்ட் குட்க்குதோ, ஊட்டு வேலைல அத்தினி பர்சென்ட் எனுக்குத் தள்ளுபடி! அப்பால யாரும் வாயத் தொறக்கக் கூடாது. சோல்ஜர் வாக்கு. செங்கல்வராயா, நீ சாட்சி!"

"மச்சான், கொஞ்சம் யோசிச்சு..."

"இன்னா யோசன? நூறே வந்தாலும் வரும்!"

"சரி," என்றாள் ஆக்னஸ்.

அவள் சண்டை போடாமல் சரி சொன்ன எந்தக் காரியமும் இருதயராஜுக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. சந்தோஷத்தில் அது மறந்துபோயிற்று.

ஒருவழியாகப் போர்டுக்கு அழைப்பு வந்தது. ஆட்டோவில் ஏறும்போது இருதயராஜ் மாதாவையும் யேசுவையும் தெரு முழுக்கக் கேட்கும்படி அழைத்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு முனகல். ஆவடியில் பள்ளத்துக்குக் குறைவில்லை என்பதால் ஆட்டோக்காரரே பயந்துபோய் ஆக்னஸிடம், "அண்ணி, நேரா எமர்ஜென்சிக்கா?" என்று கேட்டார்.

ராணுவ ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்ற இளைஞன் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். அவ்வளவுதான். இருதயராஜின் முதுகு நிமிர்ந்தது. நெஞ்சு முன்னால் வந்தது. ஊன்றிக்கொண்டு வந்த கைத்தடியை ஆக்னஸிடம் நீட்டினார்.

"இத நீ வெச்சுக்க."

"யோவ், இன்னிக்குத்தான்யா அது வோணும்!"

"ஆபீசருங்க முன்னாடி கொம்ப ஊனிகினா போவாங்க? அசிங்கம்!"

உள்ளேயிருந்து ஒரு குரல், "ஹவில்தார் இருதயராஜ்!" என்று கூப்பிட்டது. முட்டி நொறுங்கிய மனிதர் அணிவகுப்பு நடை போட்டு உள்ளே போனார். ஆக்னஸ் தலையில் கை வைத்துக்கொண்டு கதவுத் திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வலி இருக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. போர்டுக்குத் தலைவரான கர்னல், மலையாளி. தமிழ் நன்றாக வந்தது.

"நஹி சாப்!"

"படி ஏற முடியுமா?"

"டீக் ஹை சாப்!"

"நடக்கும்போது கஷ்டம்?"

"ஏக்தம் ஃபிட் சாப்!"

வலி இல்லை, எல்லாம் சரி என்று பட்டாளத்து இந்தியில் முழங்கிக்கொண்டிருந்தார் மனிதர். மேல் அதிகாரி கேட்டால் முடியாது என்று சொல்லக்கூடாது என்பது அவர் பட்டாளத்தில் சேர்ந்த நாளில் கற்றது. முட்டி உடைந்தது, அந்தப் பாடம் மட்டும் உடையவில்லை. இன்னும் இரண்டு கேள்வி போனால் இருபது என்ன, இவரைத் திரும்பப் பட்டாளத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள்.

"சரி, குத்துக்கால் போட்டு உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க."

ஆக்னஸ் திரையை விலக்கிப் பார்த்தாள். இருதயராஜ் தரையில் குந்தியபடி இருந்தார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. முகத்தில் மட்டும் விறைப்பு குறையவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல சாப்! இப்டியே வசதியா கீது சாப்!"

ஆக்னஸ் கைத்தடியோடு உள்ளே நுழைந்துவிட்டாள். அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"யாரும்மா நீங்க?"

"இவரு சம்சாரம் சார். மன்னிச்சிக்கங்க, நான் சொல்லிட்டுப் பூட்றேன். தோள்ல ஸ்டார் வெச்சவங்க கேட்டா இவுரு உயிரு போனாலும் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்வாரு. நான் கேட்டா ஒண்ணுமே முடியலன்னு சொல்வாரு. ரெண்டுத்துக்கும் நடுவுலதான் சார் நெசம் கீது."

கர்னல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேலே சொல்லும்படி சைகை காட்டினார்.

"கோயில்ல எல்லாரும் முழங்கால் போடறப்போ இவுரு மட்டும் நிக்கிறாரு சார். ஃபாதர் கேட்டா, சிப்பாய் காவலுக்கு நிப்பான்னு கதை வுட்றாரு. மழை நாள்ல செவுத்தப் புடிச்சிகினுதான் கட்டில்ல இருந்து எந்திரிப்பாரு. நான் பாக்கறது தெரிஞ்சா செவுத்துல பல்லி தேடற மாதிரி பண்ணுவாரு."

இருதயராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். இதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். வெட்கமாக இருந்தது. அதைவிடவும் அவள்மேல் பாசம் பொங்கியது. நாற்காலியில் இருந்தபடியே மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

டாக்டர்கள் முட்டியை மடக்கினார்கள், நீட்டினார்கள், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். இந்த முறை வலித்த இடத்தில் அவர் வலிக்கிறது என்று சொன்னார். முதல் தடவை என்பதால் குரல் கொஞ்சம் திக்கியது.

புறப்படும்போது ஆக்னஸ் மட்டும் திரும்பி நின்றாள். "சார், இவுரு எந்த வேலையுமே செய்யக் கூடாதா?"

"எடை தூக்கக் கூடாது, படி அதிகம் ஏறக் கூடாது. உட்கார்ந்து செய்யற வேலை தாராளமா செய்யலாம். கை நல்லாத்தானே இருக்கு?"

"ஆர்டரா சார்?"

கர்னலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆர்டர்தான். ஹவில்தார், புரிஞ்சுதா?"

"ஹாங் சாப்!" என்று எழுந்து நின்று கத்திய பிறகுதான் எதற்குக் கத்தினோம் என்று அவருக்கு உறைத்தது.

முடிவு வருவதற்குள் இருதயராஜ் வாசலையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து வலியும் சேர்த்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உட்கார்ந்ததும் வக்கீல் கூப்பிட்டார். போனைக் காதிலிருந்து எடுத்தவர் போட்ட கூச்சலில் செங்கல்வராயன் பாதி சவரத்தோடு ஓடி வந்தார்.

"அம்பது! செங்கல்வராயா, அம்பது பர்சென்ட்! நான் சொன்னது பொய்யில்லன்னு ஒத்துகினாங்கடா!"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கன்னத்து சோப்பு இன்னொருவருக்கு அப்பிக்கொண்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன இருதயராஜுக்கு. ஆக்னஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அடுப்படிக்குப் போனது மாதா படத்துக்கு மெழுகுவத்தி எடுத்து வரத்தான் என்று அவர் நினைத்தார்.

வந்தது ஒரு பெரிய பாத்திரம். நிறைய நெத்திலி. கூடவே ஒரு முறம் சின்ன வெங்காயம்.

"இன்னா ஆக்னஸு இது?"

"இத்தினி நாளா ஊட்டு வேலைல நீ எத்தினி பர்சென்ட் செஞ்சிகினு இருந்தே?"

"ஒண்ணும் இல்ல."

"போர்டு தள்ளுபடி பண்ணது எவ்ளோ?"

"அம்பது."

"மீதி அம்பது இந்தா. உக்காந்துகினு செய்ற வேலைதான். கர்னல் ஆர்டர்."

இருதயராஜ் சாட்சியைப் பார்த்தார். செங்கல்வராயன் மீதிச் சவரத்தை முடிக்கவேண்டும் என்று நழுவிக்கொண்டிருந்தார். முதல் நெத்திலியின் தலையைக் கிள்ளியபடியே, வழக்காடிப் பழகிய மனிதர் கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தார்.

"இதுக்கு அப்பீல் கீதா?"

"கீது. எங்கிட்டதான் போடணும்."