மரியாயியின் மாட்டுக்கு ஃபார்மர் யார்?

நாட்டிலுள்ள ஃபார்மர்கள் அனைவரையும் மேம்படுத்துவதென்று ஒரு வருஷம் மேலிடம் மனப்பூர்வமாகத் தீர்மானித்தது. தோட்டங்களைக் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்து ஆறேழு வருஷம் ஆகியிருந்த காலம் அது. விவசாயிகளை மேம்படுத்தும் வேலை அதற்கு முன்பே பல தடவை நடந்து முடிந்திருந்தது. விவசாயிகள் அப்படியேதான் இருந்தார்கள். ஆளை மாற்ற முடியவில்லை, சொல்லையாவது மாற்றிப் பார்ப்போம் என்று கொழும்பில் பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். சிங்களத்தில் 'கொவியா' என்றால் கண்ணுக்குச் சேறு தெரிகிறது. 'விவசாயி' என்றால் கடன் தெரிகிறது. ஃபார்மர் என்றால் வெளிநாட்டுப் பால்மாப் பெட்டியில் சிரிக்கிற மனிதர் தெரிகிறார். ஆகவே சிங்களச் சுற்றறிக்கையிலும் தமிழ்ச் சுற்றறிக்கையிலும் அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கிலீஷ் உச்சரிப்பிலேயே விட்டுவைத்தார்கள்.

அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது. 'ஃபார்மர் ஒருவரின் கால்நடைகளை எவரும் எக்காரணம் கொண்டும் அப்புறப்படுத்தலாகாது.' ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த மரியாயியின் காதில் இந்த வரி விழுந்தது. வேறு எந்த வரியும் விழவில்லை. அவளுக்கு வேண்டியதும் அது ஒன்றுதான்.

மரியாயியிடம் ரோசி என்று ஒரு மாடு இருந்தது. கன்றாக வாங்கி, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் தகரம் போட்டு, தன் பிள்ளைக்கு முன் அதற்குத் தண்ணீர் காட்டி வளர்த்தவள் அவள். இப்போது அது நிறைசினை. இந்த நேரம் பார்த்து அது புதிதாக ரப்பர்க் கன்று நட்டிருந்த மலைக்குள் புகுந்து, இடையில் போட்டிருந்த கொடிப்பயிரை ஒரு மூலை மேய்ந்துவிட்டது. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை ஜீப்பை நிறுத்திப் பார்த்தார். மாதம் முடிவதற்குள் மாடு தோட்டத்தை விட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் காவல்கார வாச்சர் பிடித்து விற்றுவிடுவான் என்று கங்காணி மூலம் உத்தரவு வந்தது. ருவான்வெல்லைக் கடைத்தெருவில் அவசரத்துக்கு மாடு வாங்கக்கூடியவர் இறைச்சிக் கடைக்காரர் ஒருவர்தான். மரியாயிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வேலைக்குப் போகாமல், நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு அபிவிருத்தி உத்தியோகத்தர் லாபிரிடம் போனாள். லாபிர் நல்ல மனிதர். யார் போனாலும் எழுந்து மின்விசிறியைத் திருப்பிவிடுவார். மின்சாரம் இருந்தால் அது சுற்றவும் சுற்றும்.

"நான் ஃபார்மர்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க சார். எம் மாடு தப்பிச்சிரும்."

"காணி இருக்கா?"

"காணிலதானே சார் நிக்கிறோம், நாலு தலைமொறையா."

"நிக்கிற காணி வேற, இருக்கிற காணி வேற. உங்களுக்குச் சொந்தமா இருக்கா?"

"லயத்துக் காம்பராவே தோட்டத்தோடது சார்."

"அப்ப நீங்க தொழிலாளி."

"தொழிலாளி மாடு வளக்கக் கூடாதுங்களா?"

"தாராளமா வளக்கலாம். வளத்தா நீங்க மாடு வளக்கிற தொழிலாளி. ஃபார்மர் ஆக மாட்டீங்க."

"அப்ப ஃபார்மர்னா யாருங்க சார்?"

லாபிர் சுற்றறிக்கையைப் புரட்டினார். 'ஃபார்மர் என்பவர் ஃபார்மில் ஈடுபடுபவர்' என்று ஓரிடத்தில் இருந்தது. 'ஃபார்ம் என்பது ஃபார்மர் ஈடுபடும் இடம்' என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. இதை அவர் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் திருப்தியாகவே இருந்திருக்கிறது. ஒரு பால்வெட்டுக்காரி எதிரில் நின்று கேட்டபோதுதான் முதல் தடவையாக அவருக்குத் தலை சுற்றியது. கேள்வியை மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் தங்களுக்கு மேலே அனுப்பினார்கள். கடைசியில் கேள்வி போய்ச் சேர்ந்த இடத்துக்கு மேல் யாரும் இல்லாதபடியால் அங்கே ஒரு குழு அமைக்கப்பட்டது.

குழு கரவனெல்லையில் ஒரு மண்டபத்தில் கூடியது. கூடியதைக் கூட்டம் என்று சொல்லக் கூடாது, செயலமர்வு என்று சொல்ல வேண்டும் என்றார்கள். மரியாயிக்கும் அழைப்பு வந்தது. வாசலிலேயே அவள் மாராப்பில் ஒரு அட்டையைக் குத்தினார்கள். அதில் 'பங்குதாரர்' என்று இருந்தது. பிறந்ததிலிருந்து எதிலும் ஒரு பங்கும் பார்த்திராத மரியாயி அந்த அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மற்றப் பங்குதாரர்களாக லாபிரும், பெரிய துரையும், தொழிற்சங்கத் தலைவர் கிருஷ்ணராஜும் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் மேலாக, மேடையில், கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் ரெஜினோல்ட் இருந்தார். லண்டனில் படித்தவர். பின்னால் வெளிச்சத்தில் படம் ஓடினால்தான் அவருக்குப் பேச வரும்.

ரெஜினோல்ட் பேசினார். இந்தச் சொல்லை நாம் குறுகிய மனப்பான்மையோடு பார்க்கக் கூடாது என்றார். மேல்நாடுகளில் மீன் வளர்ப்பவரும் ஃபார்மர், தேனீ வளர்ப்பவரும் ஃபார்மர், முதலை வளர்ப்பவரும் ஃபார்மர். மலையுச்சியில் காற்றாடி நட்டு மின்சாரம் எடுக்கிறார்கள், அந்த இடத்துக்கும் ஃபார்ம் என்றே பெயர்.

மரியாயி எழுந்து நின்றாள். "அய்யா, காத்துக்கே ஃபார்ம் இருக்குன்னா, எம் மாட்டுக்கு இல்லீங்களா?"

மண்டபம் சிரித்தது. ரெஜினோல்ட் சிரிக்கவில்லை. "அருமையான பங்களிப்பு" என்றார். அவருடைய உதவியாளர் அதை ஒரு மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பிறகு சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் விஷயம் முற்றியது. ஒரு சொல்லின் பொருள் தெரிய வேண்டுமானால் அதன் வேருக்குப் போக வேண்டும் என்றார் ரெஜினோல்ட். போனார். ஐந்நூறு அறுநூறு வருஷம் பின்னால் போனார். அங்கே ஃபார்ம் என்றால் வயலும் இல்லை, மாடும் இல்லை, குத்தகை. அரசனுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, ஊரில் வரி வசூலித்துக்கொள்ளும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்தான் ஃபார்மர். நிலத்தில் குனிந்தவர் அல்ல, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். ரெஜினோல்ட் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் யார்?" என்று கேட்டார்.

"கம்பனி" என்றார் பெரிய துரை, கொஞ்சம் பயந்துபோய்.

"ஆகவே, சொல்லின் ஆதிப் பொருளின்படியும், சுற்றறிக்கையின் ஆன்மாவின்படியும், இந்தத் தோட்டத்தில் ஒரே ஃபார்மர் கம்பனிதான். இந்தக் காணியில் புல் மேய்கிற மாடு, அந்த ஃபார்மரின் கால்நடை."

மண்டபத்தில் ஒவ்வொருவராகக் கைதட்டினார்கள். கிருஷ்ணராஜ் தலைவர் மட்டும் எழுந்து, "அப்ப அந்த மாட்ட அப்புறப்படுத்த முடியாதுதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். ஃபார்மரின் கால்நடையை எவரும் அப்புறப்படுத்தலாகாது, ஃபார்மராலும் முடியாது என்று பதில் வந்தது. தலைவர் வெளியே வந்து, போராட்டம் வென்றது என்று அறிவித்துவிட்டார். லயத்தில் பட்டாசு வெடித்தது.

மரியாயி லாபிரின் பின்னால் ஓடினாள். "சார், அப்ப ரோசி இருக்குமா?"

"இருக்கும். சட்டப்படி அசைக்க ஏலாது."

"என்னோடதா இருக்குமா?"

லாபிர் தலையைச் சொறிந்தார். "மாடு இருக்கிறதுதானேம்மா முக்கியம்."

மாடு இருந்தது. அதே தகரத்தின் கீழ், அதே கயிற்றில், அதே மரியாயியைப் பார்த்துத்தான் கத்தியது. பால் மட்டும் துரை பங்களாவுக்குப் போனது. கம்பனி மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா, பெரிய துரை நியாயமானவர், மரியாயியையே போட்டார். வேலைக்கு வந்த ஒரு நாளைத் தோட்டத்தில் ஒரு 'பேர்' என்பார்கள். பாதி நாள் வேலைக்கு அரைப்பேர். ரோசியைக் குளிப்பாட்டி, புல் அறுத்துப் போட்டு, பால் கறந்து கொடுப்பதற்கு மரியாயிக்குத் தினமும் அரைப்பேர் விழுந்தது. இத்தனை வருஷம் சும்மா செய்த வேலை. அதைக் கங்காணி சொன்னபோது அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அடுப்படிக்குள் போய் அழுதாள்.

லயத்தில் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். "மாட்டக் குடுத்து அரைப்பேர் வாங்கிட்டாளே, கெட்டிக்காரி!" என்று ஆளுக்கு ஆள் வயிறு எரிந்தார்கள். அடுத்த வாரம் ஐயாவு தன் ஆட்டுக் கிடாயைக் கொண்டுபோய் ஆபிஸ் முன்னால் கட்டினார். கம்பனிக் காணியில் மேய்ந்தது, கம்பனியே வைத்துக்கொள்ளட்டும், பார்க்கிற வேலையை மட்டும் எனக்குத் தாருங்கள் என்றார். அதன்பின் கோழிகள் போயின. ஒருத்தி முருங்கை மரத்தை ஒப்படைத்தாள். இன்னொருத்தி வாசலில் வெற்றிலைக் கொடி வைத்திருந்தாள். கொடிக்கு அரைப்பேர் அதிகம், கால்பேர்தான் தர முடியும் என்று ஆபிஸில் பேரம் நடந்தது. தலைவர் தலையிட்டு, கொடியில் இலை எண்ணிப் பார்த்து, ஒரு சமரசத்துக்கு வந்தார். கொஞ்ச நாளில் அந்த லயத்தில் கறிவேப்பிலை கிள்ளுவதற்கும் கங்காணியைக் கேட்க வேண்டியதாயிற்று. தங்கள் வீட்டு முட்டையைத் தாங்களே ஆபிஸ் ஜன்னலில் வாங்கிக்கொண்டு, எல்லாரும் மேம்பட்டு இருந்தார்கள்.

மாகாணத்தின் சிறந்த ஃபார்மர் என்று கம்பனிக்கு விருது கிடைத்தது. அதற்கு நன்றி சொல்ல, காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் விழா வைத்தார்கள். வந்து நின்று கைதட்டுகிறவர்களுக்கு அன்றைக்கு அரைப்பேர் உண்டு என்று கங்காணி முதல் நாளே சொல்லியிருந்தான். அன்று காலையில்தான் ரோசி கன்று போட்டது. நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு கிடேரிக் கன்று. மரியாயி அதைத் துடைத்து, தூக்கிக்கொண்டே வந்து நின்றாள். கன்றையாவது தரச் சொல்லிக் கேட்பது என்று வரும் வழியெல்லாம் மனதில் பேசிப் பார்த்திருந்தாள்.

கேட்டாள். மேடையில் பெரிய துரையும் ரெஜினோல்டும் தலைவரும் லாபிரும் இருந்தார்கள். லாபிர்தான் எழுந்தார், கண்ணை மட்டும் அவள் பக்கம் கொண்டுவராமல். "கம்பனி மாடு, கம்பனிப் புல்லத் தின்னு, கம்பனிக் காணில போட்ட கன்று. இதில சட்டத்துக்குக் கொழப்பமே இல்லம்மா. நீங்க வளக்கலாம். கால்பேர் போடுவாங்க."

அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஜெனிற்றா முன்னால் வந்தாள். அவளும் பால்வெட்டுக்காரிதான், தலைப்பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"சார், நானும் இந்தத் தோட்டத்துல பொறந்தவ. கம்பனி லயத்துலதான் இருக்கேன். எம் புள்ளையும் இங்கதான் பொறக்கப் போவுது. அத வளக்கிறதுக்கும் எனக்குப் பேர் போடுவீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. லாபிர் சட்டத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் தட்டவில்லை. ரெஜினோல்ட் எழுந்து, இதுதான் உண்மையான பங்குதாரர் சிந்தனை, இதற்குத் தனியாக ஒரு செயலமர்வு வைக்க வேண்டும் என்றார். பெரிய துரை, வளர்ந்த பிறகு பால் வெட்டத்தானே போகிறது, கம்பனி பரிசீலிக்கும் என்றார். கிருஷ்ணராஜ் தலைவர் மைக்கைப் பிடுங்கினார்.

"மாட்டுக்கு அரைப்பேர், மனுசப் புள்ளைக்கும் அரைப்பேரா? விடமாட்டோம்! புள்ளைக்கு முழுப்பேர் வாங்காம இந்தச் சங்கம் ஓயாது!"

களம் அதிர்ந்தது. ஜெனிற்றா சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரியாயி வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். கங்காணி பென்சிலோடு வரிசையாக ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே அவள் பக்கம் வந்தான். மரியாயி கன்றைக் கீழே இறக்கி விட்டுவிட்டுக் கைதட்டினாள்.