காருக்குள் குடியேறிய டேப்லெட்

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான், உங்கள் அக்கா, கார் மூவரும் நலம். அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள். யாருக்காவது ஒரு தும்மல் வந்திருந்தாலும் உங்கள் அக்காவுக்குச் செய்தி வந்திருக்கும், எனக்கும் காதில் விழுந்திருக்கும்.

இந்தக் காலத்தில் யார் பேப்பரில் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பீர்கள். என் போனில் பேச மட்டும்தான் முடியும். மின்னஞ்சல் டேப்லெட்டில் இருக்கிறது, டேப்லெட் காரில் இருக்கிறது, அதன் முன்னால் உங்கள் அக்கா இருக்கிறாள். அதனால் ஸ்டீயரிங் மேல் ஒரு அட்டையை வைத்துக் கையால் எழுதுகிறேன். வரி வளைந்து வந்தால் என் கை நடுக்கம் என்று கவலைப்பட வேண்டாம், ஸ்டீயரிங் அப்படி. உங்கள் அக்கா பக்கத்து சீட்டில் மடியில் தட்டோடு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கார் எங்கும் போகவில்லை, ஷெட்டில்தான் நிற்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், உங்கள் சின்னக்கா வழியாகக் கை கால் முளைத்து வந்து சேருவதற்குள். போன வருஷம் என் பழைய ஆபீஸ் கேஷியர் மகள் கல்யாண வரவேற்புக்குப் போனோமே, அதுதான் ஆரம்பம். உங்கள் அக்கா இடது பக்கம் திரும்பச் சொன்னாள், நான் வலது பக்கம் திரும்பினேன். ஒரு மண்டபம் வந்தது, விளக்கெல்லாம் எரிந்தது, உள்ளே போனோம். பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்தி, போட்டோவுக்கு நின்று, வயிறார சாப்பிட்டு வெளியே வரும்போதுதான் வாசலில் எழுதியிருந்த பெயரைப் படித்தோம். அது கேஷியர் மகளே இல்லை. யார் வீட்டுக் கல்யாணம் என்று இன்றுவரை தெரியாது, சாப்பாடு என்னவோ நன்றாக இருந்தது. நான் அதைச் சொன்னது தப்பாகிவிட்டது. "இனிமே உங்க கார்ல நான் ஏறினா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு பஸ் ஏறிப் போனவள்தான். அதற்கப்புறம் கடைக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, அவள் பஸ்ஸில் முன்னே போவாள், நான் காலி சீட்டோடு பின்னாலேயே போவேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், சொல்லுங்கள்.

இந்த நேரம் பார்த்து மேல்மாடிக்காரர் புதுக் கார் வாங்கினார். டேஷ்போர்டில் பெரிய ஸ்கிரீன். வழி சொல்கிறது, பாட்டுப் பாடுகிறது, வெளியே வெயிலா மழையா என்றுகூடச் சொல்கிறது, ஜன்னல் இருக்கும்போது அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, ஆனாலும் வயிறு எரிந்தது. நம்ம காரில் இதைப் பொருத்திவிட்டால் வழி தப்பாது, வழி தப்பாவிட்டால் உங்கள் அக்கா ஏறிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் சின்னக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம். நீங்கள் அவள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த டேப்லெட்டை அவசரத்தில் சார்ஜில் போட்டபடி மறந்துவிட்டுப் போயிருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை அதை வைத்து ஜம்மென்று அழைத்து வந்து, கையோடு கழற்றிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், மாப்பிள்ளை, நம்புங்கள்.

கார் எலக்ட்ரீஷியன் நல்ல மனுஷன். பழைய ரேடியோவைப் பிடுங்கினார், ஓட்டையை அறுத்துப் பெரிதாக்கினார், டேப்லெட்டை அளவு பார்த்தார். "குழியில விழுந்தா கொஞ்சம் ஆடும் சார், பரவாயில்லையா?" என்றார். "ஆடவே கூடாது" என்றேன். இந்த இரண்டு வார்த்தைதான் நான் சொன்னது. அந்தப் பக்கம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள், முன் கண்ணாடி ஒட்டுகிற பசையை நாலு பக்கமும் பிதுக்கி ஒட்டி, மேலே ஒரு குத்தும் குத்தி, "இனிமே கார் கவிழ்ந்தாலும் இது ஆடாது" என்று கை துடைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் உங்கள் அக்கா கையில் ரெண்டு பெரிய பை. அதனால் ஏறினாள். வழி சொல்கிற குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "நான் சொன்னா காதுல விழாது, அவ சொன்னா உடனே திரும்புறீங்களே" என்றாள், ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குள் ஸ்கிரீனில் அவளுடைய ரோஜாத் தொட்டிப் படம் வந்து தொலைத்தது. "இது என்னோடது இல்ல?" "ஆமா." "கழட்டுங்க." வண்டியை ஓரம் கட்டி நான் இழுத்தேன், அவள் இழுத்தாள், ரோட்டில் போன ஒரு பால்காரரும் வந்து இழுத்தார். டேஷ்போர்டு முனகியதே தவிர டேப்லெட் அசையவில்லை. எலக்ட்ரீஷியனிடம் போனால், "ஒண்ணு இது உடையும், இல்ல அது உடையும். எது வேணும்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்கிறார்.

அன்று முதல் நடக்கிற கூத்தைக் கேளுங்கள். உங்கள் அக்கா வீட்டையே அதில்தான் வைத்திருக்கிறாள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அலாரம். நான் டிராபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கும்போது "செடிக்குத் தண்ணி, செடிக்குத் தண்ணி" என்று கத்துகிறது. ஒரு நாள் சிக்னலில் போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி, கோட்டைத் தாண்டி நிற்கிறீர்கள் என்று சொல்ல வாயெடுத்தார், அதே நேரம் சின்னக்கா வீடியோவில் வந்து, "அத்தான், பக்கத்துல யாரு தொப்பியோட? கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்காரே, நேரத்துக்குச் சாப்பிடுறாரா?" என்றாள். போலீஸ்காரர் தொப்பியைச் சரி செய்துகொண்டு "சாப்பிடுறேம்மா" என்று சொல்லிவிட்டு என்னைப் போகச் சொன்னார். அது ஒன்றுதான் இந்த ஏற்பாட்டால் எனக்குக் கிடைத்த லாபம் என்று எழுதச் சொல்கிறாள் உங்கள் அக்கா.

டேப்லெட் வீட்டுக்குள் வராததால் உங்கள் அக்கா காருக்கு வந்துவிட்டாள். மத்தியானம் சமையல் முடிந்ததும் தலையணையோடு வந்து முன்சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொள்வாள். சின்னக்காவோடு பேச்சு, சீரியல், சீட்டாட்டம் எல்லாம் இங்கேதான். மேல்மாடிக்காரருக்குப் புதுக் காரில் ஸ்கிரீன் இருந்தும் பேச ஆள் இல்லை, பாவம், சீரியல் நேரத்துக்குக் காபி டம்ளரோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். ஒரு நாள் பேட்டரி மொத்தமும் இறங்கி வண்டி கிளம்பவே இல்லை. அவரும் நானும் தள்ள, உங்கள் அக்கா இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம், சீரியல் முடியப் போகுது" என்றாள். தினம் ஒரு சுற்று ஓட்டினால்தான் பேட்டரி நிற்கும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஆகவே தினமும் சாயங்காலம் போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமல் ரெண்டு பேரும் போகிறோம். டேப்லெட் இடது என்றால் உங்கள் அக்கா வலது என்கிறாள். நான் நேராகப் போய்விடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "என் டேப்லெட் என் கையில வரணும், இல்லன்னா காரைப் பேத்தாவது எடுப்பேன்னு எழுதுங்க" என்கிறாள் உங்கள் அக்கா. எழுதிவிட்டேன். "எழுத்து நல்லாத் தெரியணும்" என்கிறாள். அடிக்கோடும் போட்டுவிட்டேன். காரைப் பேர்க்கிற அளவுக்குப் போவானேன், அவளுக்குப் புதிதாக ஒரு டேப்லெட் வாங்கி உடனே அனுப்பிவையுங்கள். அது வந்தால் அவள் காரை விட்டு இறங்குவாள், வீடு வீடாகும், நானும் நிம்மதியாகத் தனியே வண்டி ஓட்டுவேன்.

குழந்தைகளுக்கு எங்கள் இருவர் ஆசியும், உங்கள் வீட்டம்மாவுக்கு அன்பும். மேல்மாடிக்காரர் பின்சீட்டிலிருந்து விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். எல்லோரும் தீர்க்காயுசோடு, கழற்றிப் பூட்டக்கூடிய பொருள்களோடு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் அத்தான்

பி.கு.: உங்கள் அக்கா அடுப்பில் வைத்ததை இறக்க உள்ளே போயிருக்கிறாள், மேல்மாடிக்காரர் தூங்கிவிட்டார். அதற்குள் அவசரமாக எழுதுகிறேன். மேலே சொன்னதில் எதையும் செய்யாதீர்கள். டேப்லெட் வாங்கவே வாங்காதீர்கள். கேட்டால் அந்த மாடல் இப்போது வருவதில்லை என்று சொல்லிவிடுங்கள். ரிடையர் ஆனதிலிருந்து அவள் ஒரு அறை, நான் ஒரு அறை என்று இருந்தோம் மாப்பிள்ளை. இப்போதுதான் தினமும் பேசிக்கொள்கிறோம், சண்டைதான், ஆனாலும் பேச்சுத்தானே. அந்த சீட்டு மறுபடி காலியாவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

தம்பி, அக்கா எழுதறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்டதான் குடுத்தார், படிச்சிட்டேன். நான் சொல்லாமலே, சின்னக்கா சொன்னதைக் கேட்டு நீயா அனுப்பின புது டேப்லெட் போன வாரமே வந்துடுச்சு. பெட்டியைப் பிரிக்காம அலமாரியில போர்வைக்கு அடியில வெச்சிருக்கேன். அவருக்குத் தெரிய வேண்டாம். அடிக்கடி வீடியோவுல வந்து, "அந்த மாடல் கிடைக்கல அக்கா"ன்னு மட்டும் சொல்லு. நான் கொஞ்சம் கத்துவேன், கண்டுக்காதே.